முதுகு காட்டி நிற்பவள்: அச்சோவியங்களில் புரட்சிப் போரின் பெண்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மன் கலைஞர் கேத்தே கோல்விட்ஸ் செய்த ‘கிளர்ந்தெழல்’ என்ற அச்சோவியத்தின் நகல் ஒன்று என் மேசைக்கு எதிர்ச்சுவரில் பல வருடங்களாகத் தொங்குகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்ததும் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். யார் இந்தப் பொம்பளை? ஏன் முகம் தெரியவில்லை? இது மரத்தில் செதுக்கியதா? இவள் சண்டைக்குப் போகிறாளா, மற்றவர்களை அனுப்பிவைக்கிறாளா? அந்தக் கேள்விகளோடு, இந்த வகைப் படங்களைப் பற்றி நண்பர்கள் அடிக்கடி கேட்பவற்றையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அச்சோவியம் என்றால் என்ன? அச்சடித்த படம் எல்லாமே அச்சோவியமா?

இல்லை. ஓவியர் தானே ஒரு பரப்பில் உருவத்தைப் பொறித்து, மை ஏற்றி, தாளில் ஒற்றி எடுப்பதுதான் அச்சோவியம். கலைக்கல்லூரிகளில் பிரிண்ட்மேக்கிங் என்றே சொல்வார்கள். மரப்பலகையில் வேண்டாத இடத்தைச் செதுக்கித் தள்ளிவிட்டு, மேடாக நிற்கும் இடத்தில் மை உருட்டினால் மரச்செதுக்கு. தரைவிரிப்புக்குப் பயன்படும் லினோலியத்தில் அதையே செய்தால் லினோகட். செப்புத்தகட்டில் மெழுகுப் பூச்சு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இட்டால் கீறிய கோடு அரித்துப் பள்ளமாகும். அந்தப் பள்ளத்தில் தங்கும் மைதான் படம். இது எட்சிங். கல்லின் மேல் கொழுப்புக் க்ரேயானால் வரைந்து எடுப்பது லித்தோகிராஃப். நம் தாத்தா காலத்துக் கல்லச்சின் அதே முறை.

புரட்சிக்கும் இந்தக் கலைக்கும் உள்ள உறவு எண்ணிக்கையில் இருக்கிறது. எண்ணெய் ஓவியம் ஒன்றே ஒன்றுதான். அரண்மனைக்கோ அருங்காட்சியகத்துக்கோ போய்ச் சேரும். ஒரு தகட்டிலிருந்து நூறு தாள் எடுக்கலாம். லினோவில் இன்னும் அதிகம். பத்திரிகையில் போடலாம், சுவரில் ஒட்டலாம், சட்டைக்குள் மடித்து வைத்து ஊர் தாண்டலாம்.

போரிடும் பெண்ணை அச்சில் எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

இன்னும் பின்னால் போகலாம்தான். ஆனால் நான் 1789 அக்டோபர் 5லிருந்து தொடங்குவேன். அன்று பாரிஸ் சந்தைப் பெண்கள் ரொட்டி கேட்டு வெர்சாய் அரண்மனைக்கு நடந்தார்கள். மறுநாள் அரசனையும் அரசியையும் பாரிஸுக்கு அழைத்துக்கொண்டே திரும்பினார்கள். அந்த நடையைக் காட்டும், பெயர் தெரியாத கைகள் செய்த எட்சிங்குகள் உண்டு. ஈட்டிகளோடு பெண்கள் பீரங்கியை இழுத்துக்கொண்டு போகிறார்கள். கூட்டத்தின் ஓரத்தில் நல்ல உடையுடுத்திய சீமாட்டி ஒருத்தியைக் கையைப் பிடித்து இழுக்கிறார்கள்; அவளுக்கு வர மனமில்லை. அந்த ஓரத்துச் சீமாட்டிக்காகவே எனக்கு இந்தப் படம் பிடிக்கும். பெண்கள் என்றால் எல்லோரும் ஒன்று என்று அந்தக் கலைஞர் நினைக்கவில்லை.

அடுத்து வருபவர் ஸ்பெயினின் கோயா. 1808இல் நெப்போலியனின் படைகளை எதிர்த்து ஸ்பெயின் மக்கள் எழுந்தார்கள். ‘கெரில்லா’ என்ற சொல் உலகத்துக்கு வந்தது அந்தப் போரில்தான். ‘போரின் பேரழிவுகள்’ என்ற எட்சிங் தொடரை கோயா 1810இலிருந்து 1820 வரை செய்தார். போர்க்காலத்தில் செப்புத்தகடு கிடைக்கவில்லை. வேறு படம் பொறித்திருந்த பழைய தகட்டை இரண்டாக வெட்டிப் பின்புறத்தையும் பயன்படுத்தினார். அவர் 1828இல் இறந்தார். 80 படங்களும் முதன்முறையாக நூலாக வெளிவந்தது 1863இல். உயிரோடு இருக்கும்போது அதை வெளியிடும் சூழல் அவருக்கு வாய்க்கவில்லை.

அந்தத் தொடரின் 5ஆவது படத்தில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையை இடுக்கிக்கொண்டே ஈட்டியைச் சிப்பாயின் உடலுக்குள் செலுத்துகிறாள். பின்னால் இன்னொருத்தி பெரிய கல்லைத் தலைக்கு மேல் தூக்கியிருக்கிறாள். 9ஆவது படத்தில் பெண் ஒருத்தியைப் பலவந்தப்படுத்தும் சிப்பாயின் முதுகுக்குப் பின்னால் ஒரு கிழவி குத்துவாளோடு வருகிறாள். அதற்கடுத்த இரண்டு படங்களிலும் அதே வன்கொடுமைதான், ஆனால் காப்பாற்றக் கிழவி யாரும் வரவில்லை. வீரத்தைக் காட்டிய கையோடு அந்த வீரம் எட்டாத இடத்தையும் காட்டிவிட்டுப் போகிறார் கோயா.

கோயாவின் பீரங்கிப் பெண் யார்?

அகுஸ்தினா. சரகோசா நகர முற்றுகையின்போது பீரங்கியைச் சுற்றியிருந்த ஆட்கள் விழுந்ததும், தானே முன்னால் போய்த் திரி வைத்தவள். தொடரின் 7ஆவது படம் அவளுடையது. ‘என்ன தைரியம்!’ என்பது தலைப்பு. உண்மையில் வாழ்ந்த ஒருத்தி என்று அந்தத் தொடரில் அடையாளம் சொல்லக்கூடிய வீரர் அநேகமாக இவள் மட்டும்தான். அப்படிப்பட்டவளின் முகத்தை கோயா நமக்குக் காட்டவே இல்லை. பிணங்களின் மேல் கால் ஊன்றி, நமக்கு முதுகு காட்டி, பீரங்கிப் பக்கம் திரும்பி நிற்கிறாள். வெண்ணிற உடை, எதிரே வெறும் வெளி.

இந்த முதுகை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நூறு வருடம் கழித்து மறுபடி வரும்.

பிரெஞ்சு ஓவியர் டெலக்ரோவா வரைந்த, கொடி ஏந்திய விடுதலைப் பெண்ணும் இந்த வரிசையில் வருவாளா?

அது 1830இன் எண்ணெய் ஓவியம், அச்சோவியம் அல்ல. ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய படம்தான். திறந்த மார்போடு, கொடியை உயர்த்தி, பிணங்களைத் தாண்டி நம்மை நோக்கி வருகிறாள். அழகான படம். ஆனால் அவள் யாருக்கும் மகள் இல்லை, எந்தத் தெருவிலும் குடியிருக்கவில்லை. ‘விடுதலை’ என்ற சொல்லுக்கு ஒரு பெண் உடலைக் கொடுத்திருக்கிறார் ஓவியர். தன் கூலியும் தன் பசியும் உள்ள பெண் அங்கே இல்லை. நான் இங்கே பேசுவது இரண்டாவது வகைப் பெண்ணைப் பற்றி. அவள் பெரும்பாலும் அச்சோவியத்தில்தான் கிடைக்கிறாள்.

கோல்விட்ஸ் யார்?

1867இல் கோனிக்ஸ்பெர்க்கில் பிறந்தார். 1891இல் மருத்துவரான கணவர் கார்லோடு பெர்லினின் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் குடியேறினார். கணவரின் மருத்துவமனைக்கு வந்து காத்திருந்த பெண்களே அவருக்கு மாதிரிகள். வேலைக்குப் போய் வந்த கை, பிள்ளை பெற்ற இடுப்பு, தூக்கமில்லாத கண். அவர் படத்தில் பெண்கள் கனமாக இருப்பதற்குக் காரணம் தேட வேறெங்கும் போக வேண்டாம்.

முதலில் பெயர் வாங்கித் தந்தது ‘நெசவாளர் எழுச்சி’. 1844இல் சிலேசியாவின் நெசவாளர்கள் கூலிக்காகக் கிளர்ந்ததை வைத்து 1893–97இல் செய்த ஆறு படங்கள். மூன்று லித்தோகிராஃப், மூன்று எட்சிங். ஊர்வலப் படத்தில் ஆண்கள் கோடரியும் கையுமாக நடக்கிறார்கள். அவர்களோடு ஒருத்தி முதுகில் தூங்கும் பிள்ளையைச் சுமந்துகொண்டு நடக்கிறாள். முதலாளியின் வாசலைத் தாக்கும் படத்தில் பெண்கள் தரையில் பாவிய கல்லைப் பெயர்த்துப் பெயர்த்து ஆண்களிடம் கொடுக்கிறார்கள். எறிவது ஒரு கை, எடுத்துக் கொடுப்பது இன்னொரு கை. இரண்டுமே சண்டைதான். 1898இல் நடுவர் குழு இதற்குத் தங்கப் பதக்கம் பரிந்துரைத்தது. பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் மறுத்துவிட்டார்.

‘கிளர்ந்தெழல்’ படத்தில் இருப்பவள் நிஜமான பெண்ணா?

ஆமாம். ‘கறுப்பு அன்னா’ என்று கோல்விட்ஸ் அழைத்தவள், 16ஆம் நூற்றாண்டின் மார்கரேட்டே ரென்னர். ஹைல்பிரான் நகரை அடுத்த போக்கிங்கன் கிராமத்துக்காரி. 1524–25இல் ஜெர்மானிய நிலங்களில் பண்ணையாட்களும் குடியானவர்களும் பிரபுக்களுக்கு எதிராக எழுந்தபோது அவர்களைத் தூண்டி நடத்தியவர்களில் ஒருத்தி. கொல்லப்பட்ட குடியானவர்கள் ஒரு லட்சம் வரை இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் வில்ஹெல்ம் சிம்மர்மன் எழுதிய அந்தப் போரின் வரலாற்றைப் படிக்கும்போதுதான் கோல்விட்ஸ் இவளைக் கண்டுகொண்டார்.

படத்தைச் சொல்கிறேன். ஆயுதம் ஏந்திய குடியானவர் கூட்டம் ஒரே அலையாகச் சரிந்து ஓடுகிறது. அரிவாள், தடி, திறந்த வாய். உடல்கள் அவ்வளவு சாய்ந்திருக்கின்றன, இன்னும் ஓர் அடி போனால் விழுந்துவிடுவார்கள் என்று தோன்றும். கூட்டத்தின் பக்கத்தில், நமக்கு மிக அருகில், அன்னா. முழு முதுகு. பாவாடை தரையைத் தொடுகிறது. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் எறிந்திருக்கிறாள். விரல்கள் முறுக்கிக்கொண்டு, வேரைப் போல. ஆயுதம் எதுவும் கையில் இல்லை. அந்தக் கைகளிலிருந்துதான் மொத்தக் கூட்டமும் புறப்பட்டு ஓடுவதுபோல இருக்கிறது.

இது மரச்செதுக்கு அல்ல, எட்சிங். 1902–03இல் செய்தது. கோடு கீறியதோடு நிற்காமல், மென்மையான மெழுகுப் பூச்சின் மேல் துணியை அழுத்தி அதன் நெசவையும் தகட்டில் ஏற்றியிருக்கிறார். நல்ல நகல் கிடைத்தால் நிழல் பகுதிகளில் கண்ணை வைத்துப் பாருங்கள். இழை இழையாகத் தெரியும்.

ஏன் முகத்தைக் காட்டவில்லை? முதுகு காட்டுவது நமக்கு அவமானம் அல்லவா?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. தமிழில் ‘புறமுதுகு காட்டினான்’ என்றால் ஓடினான் என்று அர்த்தம். அந்தப் பழக்கத்தில் இந்தப் படத்தைப் பார்ப்பவருக்கு ஒரு கணம் தடுமாறும். ஆனால் யாருக்கு முதுகு என்று பார்க்க வேண்டும். அன்னா முதுகு காட்டுவது நமக்கு. அவள் முகம் எதிரி இருக்கும் பக்கம் இருக்கிறது. அகுஸ்தினாவும் அப்படித்தான்.

முகம் காட்டினால் நாம் அவளைப் பார்ப்போம். அழகியா, வயதானவளா, கோபமா, அழுகையா என்று எடை போடுவோம். போர்க்களத்துப் பெண்ணைக் காலம் காலமாகப் படங்கள் அப்படித்தான் பார்க்க வைத்தன. முதுகு காட்டியதும் அந்த வேலை நின்றுபோகிறது. அவள் பார்ப்பதை நாமும் பார்க்கத் தொடங்குகிறோம். அவளுக்குப் பின்னால், அவள் கூட்டத்தில், நாமும் ஓர் ஆளாக நிற்கிறோம். பார்வையாளனை எதிரியின் பக்கத்திலிருந்து தூக்கிக் கலகக்காரர்களின் பக்கத்தில் வைக்கிறது அந்த முதுகு. இத்தனை வருடம் சுவரில் பார்த்துப் பார்த்து நான் வந்து சேர்ந்த இடம் இது.

‘கிளர்ந்தெழல்’ இடம்பெற்ற ‘விவசாயிகள் போர்’ தொடரில் வேறென்ன இருக்கிறது?

மொத்தம் ஏழு எட்சிங்குகள், 1902இலிருந்து 1908 வரை. அன்னா அதில் ஐந்தாவது. முதலில் இரண்டு ஆண்கள் மாட்டுக்குப் பதிலாக ஏரில் பூட்டப்பட்டிருக்கிறார்கள். நெஞ்சு தரையைத் தொடுமளவுக்குக் குனிந்து இழுக்கிறார்கள். இரண்டாவது படத்தின் பெயர் ‘வன்புணரப்பட்டவள்’. முதல் பார்வைக்கு ஒரு தோட்டம்தான் தெரியும், இலைகள், சூரியகாந்தி. பிறகுதான் செடிகள் நசுங்கிய இடத்தில் ஒரு பெண் கிடப்பது புரியும். இன்னும் பார்த்தால் வேலிக்குப் பின்னாலிருந்து ஒரு குழந்தை எட்டிப் பார்ப்பது தெரியும். போர் எங்கிருந்து வந்தது என்று கேட்பவருக்கு இந்த இரண்டு படங்கள் பதில்: பறிக்கப்பட்ட உழைப்பு, சிதைக்கப்பட்ட உடல்.

மூன்றாவதில் ஒரு பெண் அரிவாள் தீட்டுகிறாள். ஆள் உயரக் காம்பு கொண்ட, புல் அறுக்கும் அரிவாள். அவள் முகம் அலகின் மேல் சாய்ந்திருக்கிறது, கன்னத்தால் கூர் பார்ப்பதைப் போல. ஒரு கை தீட்டுக்கல்லைப் பிடித்திருக்கிறது. கண் பாதி மூடி, கீற்றாக. தூங்கிவிட்டாளோ என்று தோன்றும் அமைதி. அவள் என்ன யோசிக்கிறாள் என்று புரியும்போது நமக்கு வயிற்றைப் பிசையும்.

இந்தப் படத்துக்கு முன்னால் கோல்விட்ஸ் செய்து ஒதுக்கிய தகடு ஒன்று உண்டு, ‘உந்துதல்’ என்று பெயர். அதில் பெண்ணின் பின்னால் ஓர் ஆண் இருந்துகொண்டு அரிவாளை அவள் கையில் வைக்கிறான், யோசனை அவனுடையது. கோல்விட்ஸ் அதை விட்டுவிட்டு மறுபடி செய்தார். புதிய படத்தில் ஆண் இல்லை. பெண்ணும் அரிவாளும் மட்டும். யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. இந்தத் தொடரிலேயே பெரிய முடிவு என்று நான் நினைப்பது அந்த நீக்கத்தைத்தான்.

நான்காவதில் நிலவறைப் படிகளில் ஆயுதங்களோடு கூட்டம் மேலேறுகிறது. ஐந்தாவது அன்னா. ஆறாவது ‘போர்க்களம்’. ராத்திரி. பிணங்கள் எங்கே முடிகின்றன, மண் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத இருட்டு. குனிந்த பெண் ஒருத்தி விளக்கோடு தேடுகிறாள். வெளிச்சம் இரண்டே இடத்தில் விழுகிறது: நரம்பு புடைத்த அவள் கை, அந்தக் கை தொடும் ஓர் இளைஞனின் முகம்.

புறநானூற்றில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாட்டில் வருகிற கிழத்தாயைத் தமிழ் படித்த யாருக்கும் இங்கே நினைவு வரும். மகன் புறமுதுகிட்டான் என்று ஊர் சொல்ல, வாளோடு களத்துக்குப் போய்ப் பிணங்களைப் புரட்டித் தேடுகிறாள் அவள். சிதைந்து கிடந்த மகனைக் கண்டு பெற்ற நாளைவிட மகிழ்கிறாள். கோல்விட்ஸின் தாய்க்கு அந்த மகிழ்ச்சி இல்லை. கை மட்டும் முகத்தைத் தொட்டபடி இருக்கிறது.

ஏழாவது, கயிற்றில் கட்டப்பட்ட கைதிகள். அவர்களில் ஒரு சிறுவனும் உண்டு.

பெண்களை இழிவாகக் காட்டிய அச்சோவியங்கள் இல்லையா?

ஏராளம். 1871இல் பாரிஸ் கம்யூன் என்ற தொழிலாளர் எழுச்சி அரசு நசுக்கப்பட்ட பிறகு ‘பெத்ரோலூஸ்’ என்று ஒரு பூச்சாண்டியைக் கட்டினார்கள்: மண்ணெண்ணெய்க் கேனோடு வீடுகளுக்குத் தீ வைக்கும் பெண். லித்தோகிராஃப் கேலிச்சித்திரங்களில் அவளுக்குப் பரட்டைத் தலை, பிதுங்கிய கண், குடிகாரி முகம். நகரம் எரிந்தது சண்டையில். பழி விழுந்தது ஏழைப் பெண்களின் தலையில். அச்சுக்கலை தானாகவே மக்கள் பக்கம் நிற்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். மலிவாகப் பரவும் எதுவும் அவதூறுக்கும் மலிவாகக் கிடைக்கும். முகம் இல்லாத முதுகைக் கோல்விட்ஸ் தேர்ந்தது இந்தப் பரட்டைத் தலைப் படங்கள் உலவிய அதே ஐரோப்பாவில்.

மெக்சிகோவின் சோல்தாதேராக்களைப் பற்றி?

1910இல் தொடங்கிய மெக்சிகோ புரட்சியில் படைகளோடு போன பெண்கள் சோல்தாதேரா எனப்பட்டார்கள். படைக்குத் தனிச் சமையல்கூடம் கிடையாது. இவர்கள்தான் மாவு அரைத்து, ரொட்டி தட்டி, காயத்துக்குக் கட்டுப்போட்டு, தோட்டா சுமந்து, தேவைப்பட்டால் சுட்டும் படையை நடத்தினார்கள். ரயில் போனால் பெட்டிக்குள் குதிரை, கூரையின் மேல் இவர்கள்.

மெக்சிகோ ஓவியர் ஒரோஸ்கோ 1929இல் செய்த ‘பின்படை’ என்ற லித்தோகிராஃபில் இந்தக் கூட்டம் நம்மைவிட்டு நடந்து போகிறது. தொப்பி, துப்பாக்கி, முக்காடு, முதுகில் துணியால் கட்டிய குழந்தை. மறுபடியும் முதுகுகள்! அன்னாவின் முதுகில் வெறி இருந்தது. இவர்கள் முதுகில் சுமை இருக்கிறது. எங்கே போகிறார்கள் என்று படம் சொல்வதில்லை. புரட்சி முடிந்த பின், 1920களில், ராணுவ முகாம்களுக்குள் இருந்த சோல்தாதேராக்களை வெளியேற்றினார்கள். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த நடை வேறு மாதிரி தெரியும்.

1937இல் மெக்சிகோ நகரில் லியோபோல்டோ மெண்டெஸும் நண்பர்களும் ‘மக்கள் வரைகலைப் பட்டறை’யைத் தொடங்கினார்கள். 1947இல் புரட்சியின் வரலாற்றை 85 லினோகட்டுகளாக வெளியிட்டது அந்தப் பட்டறை. அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் எலிசபெத் கேட்லெட் 1946இல் அங்கே வந்து சேர்ந்தார். கறுப்பினப் பெண்ணின் வாழ்க்கையை 15 லினோகட்டுகளில் செதுக்கினார். அதில் ஹேரியட் டப்மன் வருகிறார்; அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து, மறுபடி மறுபடி திரும்பிப் போய் மற்றவர்களை மீட்டவர். நீட்டிய கையால் வழி காட்டுகிறார். அந்தக் கை படத்தின் பாதியை எடுத்துக்கொள்கிறது. வழி காட்டும் கை அந்த அளவு பெரிதாகத்தான் இருக்க வேண்டும்.

கோல்விட்ஸ் போரை ஆதரித்தவரா?

சின்ன வயதில், தெருவில் தடுப்பரண் எழுப்பி நடத்தும் புரட்சிச் சண்டைகளைக் கனவு கண்டவர். அப்புறம் முதல் உலகப் போர் வந்தது. இளைய மகன் பீட்டர் 18 வயதில் தானாகப் படையில் சேர விரும்பினான். தந்தை மறுத்தார், தாய்தான் அவனுக்காகப் பரிந்து பேசினார். 1914 அக்டோபரில் பெல்ஜியத்தில் இறந்தான். அந்தப் பரிந்துரையை அவர் சாகும்வரை சுமந்தார்.

அதன் பிறகு வந்த படங்களில் கூட்டத்தைக் கிளப்பும் அன்னா இல்லை. 1921–22இல் செய்த ‘போர்’ தொடரின் ஏழு படங்களும் மரச்செதுக்கு. எட்சிங்கின் மெல்லிய சாம்பல் நிறங்கள் அவருக்குப் போதவில்லை. கறுப்பு, வெள்ளை, நடுவில் ஒன்றுமில்லை. ‘தாய்மார்கள்’ படத்தில் பெண்கள் நெருக்கி நின்று ஒரே கோட்டை போல ஆகியிருக்கிறார்கள், பிள்ளைகள் உள்ளே. 1921இல், அதே சிலேசிய நெசவாளர் கிளர்ச்சியைச் சொல்லும் நாடகத்தை மறுபடி பார்த்தபோது, தான் புரட்சிக்காரி அல்ல என்று உணர்ந்துவிட்டதாக நாட்குறிப்பில் எழுதினார்.

இதை வைத்து அன்னாவை அவர் கைவிட்டார் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏரில் பூட்டப்பட்டவனும் தோட்டத்தில் கிடந்தவளும் பொய்யாகிவிடவில்லை. கை தூக்கி அனுப்பியவள் பிறகு விளக்கோடு தேடப்போகிறாள் என்பது அந்தப் பழைய தொடரிலேயே இருக்கிறது. 1908இல் செய்து முடித்ததை 1914இல் அவர் வாழ நேர்ந்தது.

நாஜிகள் 1933இல் அவரைப் பிரஷ்யக் கலைக்கழகத்திலிருந்து விலக வைத்தார்கள். பேரன் பீட்டரும் 1942இல் போரில் இறந்தான். 1945 ஏப்ரல் 22 அன்று, ஐரோப்பாவில் போர் முடிய 16 நாள் இருக்கும்போது, மோரிட்ஸ்பர்க்கில் கோல்விட்ஸ் இறந்தார்.

இந்தப் படங்கள் ஆசியாவுக்கு எப்படி வந்தன?

சீன எழுத்தாளர் லூ சுன் வழியாக. அவருடைய இளம் நண்பர், எழுத்தாளர் ரௌ ஷி, 1931 பிப்ரவரியில் ஷாங்காயில் சுட்டுக் கொல்லப்பட்டார். வெளிப்படையாக இரங்கல் எழுத முடியாத நேரம். லூ சுன் கோல்விட்ஸின் ‘பலி’ என்ற மரச்செதுக்கைப் பத்திரிகையில் வெளியிட்டார். கண் மூடிய தாய் குழந்தையை இரு கைகளில் ஏந்தி நீட்டும் படம். ரௌ ஷியின் தாய்க்குக் கண் பார்வை இல்லை. இரங்கல் சொல்ல ஒரு ஜெர்மன் தாயின் படம் போதுமாக இருந்தது.

அதே 1931 ஆகஸ்டில் ஷாங்காயில் 13 மாணவர்களுக்கு ஆறு நாள் மரச்செதுக்குப் பயிற்சி நடத்தினார் லூ சுன். கற்றுக் கொடுத்தவர் உச்சியாமா ககிச்சி என்ற ஜப்பானியர். மொழிபெயர்த்தவர் லூ சுன். சீனாவின் நவீன மரச்செதுக்கு இயக்கம் அங்கிருந்து தொடங்குகிறது. 1936இல், தான் இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, கோல்விட்ஸின் தேர்ந்தெடுத்த படங்களை 103 பிரதிகள் மட்டும் அச்சிட்டார்.

அந்த அலை வங்காளத்தையும் தொட்டது. 1946இல் குத்தகை விவசாயிகள் விளைச்சலில் பாதிக்குப் பதில் மூன்றில் இரண்டு பங்கு கேட்டு எழுந்த தேபாகா இயக்கத்தில், பெண்கள் துடைப்பமும் அரிவாள்மணையும் எடுத்துக்கொண்டு போலீஸை எதிர்த்தார்கள். 25 வயது சோம்நாத் ஹோர் ரங்பூர் கிராமங்களில் தங்கி நாட்குறிப்பும் கோட்டோவியமும் எழுதிச் சேர்த்தார். பிறகு அவற்றிலிருந்து மரச்செதுக்குகள் செய்தார். லாந்தர் வெளிச்சத்தில் இரவுக் கூட்டம் நடக்கும் படம் அவற்றில் முக்கியமானது. லாந்தரைச் சுற்றிக் குந்தியிருப்பவர்களின் முதுகுகள் நம் பக்கம்.

ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் குழந்தை. இந்தப் போஸ்டர் எல்லா நாட்டிலும் இருக்கிறதே?

இருக்கிறது. வியட்நாம், அங்கோலா, கியூபா என்று 1960–70களின் போஸ்டர்களில் திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலும் சில்க் ஸ்கிரீன் அல்லது ஆஃப்செட். தட்டையான நிறங்கள், தூரத்திலிருந்தே புரியும். தன் பெயரே தெரியாமல் போன எத்தனையோ பெண்களுக்கு அந்தப் போஸ்டர் ஒரு மரியாதை, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எனக்குள்ள சங்கடம் ஒன்றுதான். அவளுக்கு எப்போதும் சிரித்த முகம், களைப்பில்லாத கை. கோயாவின் பெண் இடுப்புக் குழந்தையோடு ஈட்டி குத்தும்போது அது எவ்வளவு சிரமம் என்று அவள் தோள் சொல்கிறது. போஸ்டரில் குழந்தைக்கு எடையே இல்லை.

நேரில் எங்கே பார்க்கலாம்?

கோல்விட்ஸுக்கென்று கொலோனிலும் பெர்லினிலும் அருங்காட்சியகங்கள் உள்ளன. மோரிட்ஸ்பர்க்கில் அவர் கடைசியாக வாழ்ந்த வீடும் நினைவகமாக இருக்கிறது. கோயாவின் அச்சுகள் மாட்ரிட் பிராதோவில். பெரிய அருங்காட்சியகங்கள் பலவும் தங்கள் அச்சோவியங்களை இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கும்படி வைத்திருக்கின்றன. பெரிதாக்கிப் பார்க்கும்போது கைகளிலிருந்து தொடங்குங்கள்.

நானே செதுக்கிப் பார்க்க முடியுமா?

முடியும். உள்ளங்கை அளவு லினோ துண்டு, ‘வி’ வடிவ உளி ஒன்று, அச்சு மை, ரோலர். பிரஸ் வேண்டாம், தாளை மேலே வைத்துக் கரண்டியின் பின்புறத்தால் தேய்த்தால் போதும். லினோவை வெயிலில் சிறிது நேரம் வைத்தால் இளகும், உளி வழுக்காது. இடது கையை ஒருபோதும் உளிக்கு முன்னால் வைக்காதீர்கள்.

நான் முதன்முதலில் செதுக்கியது அன்னாவின் கைகளைத்தான், நகலைப் பார்த்து. அச்சில் படம் இடவலம் மாறும் என்பதை மறந்துவிட்டேன். தாளை உரித்தபோது கூட்டம் எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் மட்டும் மாறாமல் அப்படியே நின்றாள். முதுகை நான் செதுக்கவே இல்லை. லினோவில் கறுப்பு என்பது கை வைக்காமல் விட்ட இடம். ஓரத்தில் இரண்டு கோடு கீறி, தோள் வளைவை மட்டும் எடுத்தேன். மீதியெல்லாம் பலகை அப்படியே.

நீங்களும் முதுகிலிருந்து தொடங்குங்கள்.